பழைய இரும்புக்கடை மழைத்தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் விழுகிறது, என்ன செய்வது?

இரும்புக்கடை_சங்ககிரி | செப்டம்பர் 9, இரவு 10.40

வணக்கம். சங்ககிரிக்கு வெளியே பதினோரு வருஷமாகப் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் லாரித் தொழில் அதிகம், அதனால் எனக்கு வரும் சரக்கிலும் பாதி லாரிச் சரக்கு: இஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ், டீசல் டேங்க், ஸ்பிரிங் பட்டை, ஆயில் பில்டர், பேட்டரி. மீதி, லேத் பட்டறைகளிலிருந்து வரும் இரும்புச் சுருள், வீட்டுத் தகரம், பிளாஸ்டிக், அட்டை. வேலைக்கு நானும் இன்னும் இரண்டு பேரும்.

போன வாரம் இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, பங்காளி முறை. என் இடத்துக்குக் கிழக்கே அவர் தோட்டம். கடைக்குள் வராமல் கேட்டிலேயே நின்று, "வந்து கெணத்தப் பாரு" என்றார். போனேன்.

எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாறையை உடைத்து இறக்கிய சதுரக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. என் வேலி மூலையில் ஆரம்பித்து வரப்பு ஓரமாக ஒரு கருப்புக் கோடு, புல்லைப் படுக்கவைத்துக்கொண்டு போகிறது. அது கிணற்றில் இறங்கும் இடத்தில் பாறை ஒரு முழ அகலத்துக்குத் தார் பூசினமாதிரி மினுங்குகிறது. கீழே தண்ணீரில் மயில்கழுத்துக் கலர். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எருமை அதில் மூக்கை வைத்துப் புஸ்ஸென்று ஊதிவிட்டு நகர்ந்துவிட்டது. "நேத்துச் சாயங்காலத்துல இருந்து குடிக்கல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் மகன் அப்படி இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் போவதாக ஊருக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறான். கொடுத்தால் தப்பென்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் கொடுப்பேன்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் 30 சென்ட். மேற்கே ரோடு, கிழக்கே பெரியப்பா தோட்டம், நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. நடுவில் 80 அடிக்கு 40 அடி தகரக் கொட்டகை. அதற்குள் செம்பு, பித்தளை, அலுமினியம், அட்டை. மற்றதெல்லாம் வெளியே வெறும் மண் தரையில். பேட்டரியை நாங்கள் உடைப்பதில்லை, முழுசாகத்தான் விற்கிறோம். ஆனால் லாரி பேட்டரி பல சமயம் விரிசலோடுதான் வரும். இஞ்சினில் ஆயிலை வடித்துவிட்டுத்தான் வாங்குவோம், அப்படியும் உள்ளே ஒரு லிட்டர் நின்றுகொண்டிருக்கும்.

சிவில் படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்த இடத்துக்கும் கான்கிரீட், சுற்றிலும் காம்பவுண்ட், கடைசியில் ஒரு சுத்திகரிப்புத் தொட்டி என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு நான் கடையையே விற்றுவிடலாம். அடுத்த மாதக் கடைசியில் பருவமழை பிடித்துவிடும். அதற்குள், என்னால் முடிகிற செலவில், எதை முதலில் செய்வது? இதே தொழிலில் இருப்பவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்னல்வேகம் | செப்டம்பர் 9, இரவு 11.05

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. கிழக்கு மூலையில் பழைய போர் ஏதாவது காய்ந்து கிடந்தால் அதில் பைப் இறக்கி மொத்தத் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். கிணற்றுக்கும் போகாது, மழைநீர் சேகரிப்பும் ஆச்சு.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 10, காலை 6.20

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள் அண்ணா. அதற்காகவே குளிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து, எந்த மழைத்தண்ணீரையும் நிலத்துக்குள் அனுப்பினால் நல்லது என்று பலருக்கு நினைப்பு. கூரைத் தண்ணீருக்கு அது சரி. உங்கள் யார்டுத் தண்ணீரைப் போரில் விட்டால் நேராகப் பாறை வெடிப்புக்குள் இறங்கி, ஊரில் எந்தக் கிணற்றில் எந்த வருஷம் வெளிவரும் என்றே சொல்ல முடியாது. இப்போது கண்ணுக்கு ஒரு கருப்புக் கோடாவது தெரிகிறது.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருபவர்கள் எல்லாரும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் விஷயத்தில் டிடிஎஸ் அநேகமாக ஒன்றுமே சொல்லாது. எண்ணெய் அந்த மீட்டரில் தெரியவே தெரியாது. பேட்டரியிலிருந்து வரும் ஈயம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கைத் தாண்டினாலே குடிக்க ஆகாது, குடிநீருக்கான இந்தியத் தர அளவு 0.01 மில்லிகிராம். அவ்வளவு நுணுக்கமானதை ஐந்நூறு, ஆயிரம் என்று காட்டும் மீட்டரில் தேட முடியுமா? ஈயம், இரும்பு, பிஎச், ஆயில் அண்ட் கிரீஸ், இந்த நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாதிரி எடுக்கிறதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில்தான். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றக் கூடாது, அதே காரணம்தான், பாட்டிலிலேயே நேராகப் பிடிக்க வேண்டும். ஈயத்துக்கு லேபிலிருந்து ஆசிட் போட்ட பாட்டில் கொடுப்பார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். யார்டிலிருந்து ஓடும் தண்ணீரையும் ஒரு பாட்டில் பிடியுங்கள், ஓட ஆரம்பித்த முதல் அரை மணி நேரத்துக்குள். மூன்று நாள் மழை பெய்த பிறகு பிடித்தால் எல்லாம் நல்லதாகத்தான் வரும்.

பெரியப்பா வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா? குடித்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சினால் ஈயம் போகாது.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சரக்குப் பட்டியலில் செம்பு சொன்னீர்கள். வயர் எரிக்கிறீர்களா?

துவாஸ்_மாரி | செப்டம்பர் 10, மதியம் 1.15

தம்பி, நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு பழைய உலோக யார்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். கொட்டகைக்குள் செம்பு, பித்தளை, அட்டை. வெளியே இஞ்சின், ஆயில் பில்டர், பேட்டரி, சுருள். சரிதானே? நீங்கள் விலையைப் பார்த்துக் கூரை போட்டிருக்கிறீர்கள், அழுக்கைப் பார்த்துப் போடவில்லை. எல்லாக் கடையிலும் இப்படித்தான், குற்றம் சொல்லவில்லை. செம்பு திருடு போகும், இஞ்சின் பிளாக்கை யார் தூக்கிக்கொண்டு போவான்? ஆனால் செம்புக்கும் பித்தளைக்கும் வேண்டியது பூட்டு, கூரையில்லை. மூடி வைத்த பழைய இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் போட்டுப் பூட்டினால் போதும். அட்டையைத் தேங்க விடாமல் வாரத்துக்கு ஒரு தரம் அனுப்பிவிடுங்கள். கொட்டகைக்குள் இஞ்சினும் பேட்டரியும் சுருளும் போகட்டும். கம்பி, சைக்கிள், தகரம், பட்டை வெளியே நனைந்தால் துரு வரும், அவ்வளவுதான்.

லேத் சுருளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பார்த்தால் வெறும் இரும்பு. ஆனால் அதில் கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும், ஒரு டன் சுருளை ஒரு ராத்திரி சரிவான தகரத்தில் போட்டு வைத்துப் பாருங்கள், காலையில் கீழே எவ்வளவு வடிந்திருக்கிறது என்று.

இப்போது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் 30 சென்டில் கொட்டகை போக வெளியிடம் சுமார் 910 சதுர மீட்டர் வருகிறது. 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 45,500 லிட்டர், நாலு லாரித் தண்ணீர். கொட்டகைக் கூரையில் விழுவது தனியாகப் பதினைந்தாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் கூரைத் தண்ணீர் இப்போது எங்கே விழுகிறது? கூரை ஓரத்தில் மழைத்தாரை என்கிற தகரக் கால்வாய் வைக்காமல் நேராக இஞ்சின் மேல் கொட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன். ரோட்டுத் தண்ணீரும் மேற்கிலிருந்து உங்கள் கடைக்குள் புகுந்துதான் கிழக்கே போகும், சரிவு அப்படி. ஆக, நீங்கள் அழுக்காக்கத் தேவையே இல்லாத தண்ணீரையும் சேர்த்து அழுக்காக்கி அனுப்புகிறீர்கள். மேற்கே ஒரு வரப்பு, கூரைக்கு ஒரு தாரையும் பைப்பும். இந்த இரண்டும்தான் முதல் வேலை. கான்கிரீட் எல்லாம் அப்புறம். சொல்லப்போனால் மண் தரை கொஞ்சமாவது உறிஞ்சும், மொத்தமும் கான்கிரீட் போட்டால் விழுவது எல்லாம் அப்படியே ஓடும். பேட்டரியும் இஞ்சினும் வைக்கிற கொட்டகைத் தரைக்கு மட்டும் போடுங்கள், அதுவும் ஓரத்தில் அரை அடி மேடு வைத்து.

கிழக்கு மூலையில் மூன்று அறைத் தொட்டி. 10 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி ஆழம் இருந்தால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் கொள்ளும். முதல் அறையில் மண் படியும். இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஓட்டை போடாதீர்கள், ஆறு அங்குல பிவிசி 'டீ' (T வடிவ இணைப்புக் குழாய்) வைத்து, கீழ்க்காலைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி கீழே இறக்குங்கள். அடித் தண்ணீர் மட்டும் ஏறிப் போகும், மேலே மிதக்கிற எண்ணெய் அங்கேயே நிற்கும். டீயின் மேல்வாயை அடைக்க வேண்டாம், குச்சி விட்டுக் குத்த அதுதான் வழி. கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழைக்கு இந்தத் தொட்டி போதாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை என்றால் தண்ணீர் ஆறு நிமிஷம்தான் உள்ளே நிற்கும். அதனால்தான் அழுக்குச் சரக்கை முதலில் கூரைக்கடியில் தள்ளச் சொல்கிறேன்.

சேறு, எண்ணெய் பற்றிப் பிறகு எழுதுகிறேன். சைரன் அடித்துவிட்டார்கள்.

காட்டுக்காரர் | செப்டம்பர் 10, இரவு 8.30

தம்பி, தொட்டி, டீ, வரப்பு எல்லாம் நல்ல யோசனைதான். ஆனா அந்த வீட்டுக்கு இப்ப தண்ணி எங்கிருந்து வருது? அதை ஒருத்தரும் கேக்கல. சோதனைக்குழாய்னு எழுதுற அந்தப் பொண்ணு ஒண்ணுதான் கேட்டுச்சு.

எனக்கும் கிணறு இருக்கு, மாடு இருக்கு. மேற்கே ஒரு சாயப்பட்டறை இருந்த காலத்துல நானும் இப்படி விளிம்புல நின்னு பாத்தவன்தான். எங்கிட்ட ஒருத்தரும் வந்து மூஞ்சியக் காட்டல. நீங்க வந்து பாத்தீங்க, அந்த மட்டும் சந்தோஷம். முதல்ல வீட்டுக்குக் கேன் தண்ணி, எருமைக்கு டிராக்டர் டேங்க்ல தண்ணி, இந்த ரெண்டும் நாளைக்குக் காலையில போகணும். அப்புறம் கிணத்தை இறைக்கணும். இறைச்ச தண்ணிய எங்க விடுறதுன்னு அவர்கிட்டயே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணி அவர் வயல்ல விட்டுராதீங்க.

இரும்புக்கடை_சங்ககிரி | செப்டம்பர் 11, இரவு 11.20

எல்லாருக்கும் நன்றி. காட்டுக்காரர் ஐயா, இன்று காலை ஏழு மணிக்கே தண்ணீர் போய்விட்டது. பெரியம்மா கேனை வாங்கி உள்ளே வைத்தார். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் முந்தாநாள் பேப்பர்.

மாரி அண்ணா சொன்னது நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கூரைத் தண்ணீர் விழும் இடம் பற்றி நீங்கள் ஊகித்தது முழுக்கச் சரி, நேராக டீசல் டேங்க் அடுக்கின் மேல்.

சோதனைக்குழாய் கேட்டதற்குப் பதில்: ஆமாம், எரிக்கிறோம். முதல் பதிவில் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். வடகிழக்கு மூலையில், வாரத்துக்கு ஒரு தரம், சாயங்காலம். துண்டு துண்டாக வரும் ஒயரைக் கத்தியில் உரித்தால் கூலி கட்டாது. சாம்பலை அங்கேயே குவித்து வைத்திருந்தோம். மழை முடிந்து போய்ப் பார்த்தபோது அந்தக் குவியல் பாதிதான் இருந்தது. மீதி எங்கே போயிருக்கும் என்று எனக்கும் தெரியும்.

சோதனைக்குழாய் | செப்டம்பர் 12, காலை 6.45

சொன்னதற்கு நன்றி அண்ணா. கேபிள் மேல் உறையான பிவிசியில் வெப்பத்துக்குத் தாங்குவதற்காக ஈய உப்புகளைச் சேர்த்து வந்தார்கள். பழைய ஒயரில் அது கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிக்கும்போது கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டு, அதை முதலில் சுவாசிப்பது உங்கள் ஆள்கள்தான். எரிப்பதை விட்டுவிடுங்கள். ஒயர் உரிக்கும் சிறு மெஷின் கிடைக்கிறது. எரித்த கருப்புச் செம்பைவிட உரித்த செம்புக்கு விலையும் கூட வரும், இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மீதிச் சாம்பலை இன்றைக்கே மூடி போட்ட டிரம்மில் அள்ளுங்கள், அடியில் நாலு விரல்கடை மண்ணையும் சேர்த்து. காய்ந்த சாம்பலை அப்படியே அள்ளாமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், முகத்துக்கு மாஸ்க் வேண்டும். ஆள்கள் அதே கையோடு டீ குடிக்கக் கூடாது, அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கவும் கூடாது.

ஒரு ஆறுதல். பேட்டரி விரிசலும் ஆசிட்டும் இல்லாத இடத்தில், ஓடுகிற தண்ணீரில் ஈயம் கரைந்து போவதைவிட மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போவதுதான் அதிகம். அதனால் சேற்றைத் தடுத்து நிறுத்தினாலே பெரும் பகுதி நின்றுவிடும். ஆசிட் கலந்தால் கதை மாறிவிடும். ஆகவே விரிசல் பேட்டரி தரையிலேயே இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் டிரேயில் நிமிர்த்தி வைக்க வேண்டும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். யாருக்கு விற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுப்பு | செப்டம்பர் 12, மாலை 5.10

பெருங்குடியில் வளர்ந்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் குப்பைமேட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே வைத்தார்கள். தென்சென்னையின் மழைத்தண்ணீர் வந்து தங்கிப் போகிற இடம் அது. 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது, குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் தொடங்கினார்கள். ஆனால் தண்ணீர் போகிற வழியில் முதலில் குப்பையைக் கொட்டிவிட்டு, பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்ய எவ்வளவு காலம் பிடிக்கிறது பாருங்கள்.

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் குப்பைக் கிடங்குக்கு அடியில் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் கீழே 90 சென்டிமீட்டர் களிமண் என்றெல்லாம் இருந்தது. அதே இடத்தில் இன்னொன்றும் இருந்தது: வெளி மழைத்தண்ணீரைக் கிடங்குக்குள் வரவிடாமல் திருப்பிவிட வேண்டும் என்று. மாரி அண்ணன் சொன்ன மேற்கு வரப்புதான் அது. குப்பைக்குள் இறங்கி ஊறி வரும் கசிவுநீர் வேறு, மேலே கழுவிக்கொண்டு ஓடும் தண்ணீர் வேறு. ஆனால் இரண்டையும் உண்டாக்குவது ஒரே மழைதான். உங்கள் கொட்டகைக்குப் பின்னால் கழித்துப் போட்ட பிளாஸ்டிக், ரெக்சின், ஸ்பாஞ்ச் குவியல் ஏதாவது நிற்கிறதா? எல்லாக் கடையிலும் நிற்கும். அதையும் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

துவாஸ்_மாரி | செப்டம்பர் 13, மதியம் 1.20

விட்ட இடத்திலிருந்து. தொட்டியில் மிதக்கும் எண்ணெயை வாரா வாரம் மொண்டு டிரம்மில் ஊற்றுங்கள், மரத்தூள் போட்டால் மிச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தத் தூளும் கழிவுதான், அடுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். கருப்பு ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு மேஸ்திரிகள் வருவார்கள், நல்ல காசும் தருவார்கள். கொடுக்கக் கூடாது. பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவில் சேர்த்தி, அனுமதி பெற்றவருக்குத்தான் போக வேண்டும். முதல் அறையின் சேறும் அப்படித்தான். அள்ளி வெளியே வரப்பில் போட்டால் அடுத்த மழையில் மறுபடி ஊர்வலம் கிளம்பிவிடும்.

மூன்றாவது அறையிலிருந்து வருவதையும் நேராகப் பள்ளத்துக்கு விடாதீர்கள். உங்கள் வெளியிடத்துக்கு முதல் 10 மில்லிமீட்டர் மழை என்பது 9,100 லிட்டர். அழுக்கில் பெரும்பங்கு அதில்தான். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற தார்ப்பாய் போட்டு ஒரு குழி வெட்டி அந்த முதல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். சோதித்துப் பார்த்த பிறகு எங்கே விடுவது என்று முடிவு செய்யலாம்.

இரும்புக்கடை_சங்ககிரி | அக்டோபர் 27, இரவு 9.50

நாலைந்து பேர் தனியாகக் கேட்டார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.

மேற்கு வரப்பு இரண்டு நாள் வேலை. ஜேசிபி வேண்டாம் என்று ஆள் வைத்தே போட்டோம், மேலே செம்மண், அடியில் உடைத்த பழைய தளக் கல். கூரைக்குத் தாரை வைத்து, அந்தத் தண்ணீர் பைப்பில் வடக்கே தனியாகப் போகிறது. சரக்கை இடம் மாற்றியதுதான் பெரும்பாடு. ஒன்பது நாள் வியாபாரமே இல்லை. பழைய டேங்கர் ஒன்றை அறுத்துப் பெட்டியாக்கிச் செம்பு, பித்தளையை அதில் பூட்டியிருக்கிறேன். என் சாவிக்கொத்தில் இப்போது அந்தச் சாவி ஒன்றுதான் புதுசு.

கொட்டகைக்குப் பின்னாலிருந்த குவியலும் போயிற்று. சதுப்பு சொன்னது சரி, நின்றது. லாரி சீட் ஸ்பாஞ்ச், இரண்டு லோடு.

தொட்டி முடிந்தது, தார்ப்பாய்க் குழியும் முடிந்தது. கொட்டகைத் தரையில் பாதிக்குத்தான் கான்கிரீட் போட முடிந்தது, மீதி பொங்கலுக்குப் பிறகு.

கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட் வந்தது. இரும்பு கூட, எண்ணெய் இருக்கிறது, ஈயம் சொன்ன அளவைத் தாண்டியிருக்கிறது. டிடிஎஸ் மட்டும் அருமையாக இருக்கிறது, சோதனைக்குழாய் சொன்ன மாதிரியே. ரிப்போர்ட்டை மறைக்கலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன், பொய் சொல்லவில்லை. காலையில் பெரியப்பா மகனிடமே கொடுத்துவிட்டேன். அவன் முழுசாகப் படித்துவிட்டு, "மனு எழுதித்தான் வெச்சிருக்கறேன்" என்றான். சரி என்றேன். இதுவரை கொடுத்த மாதிரி தெரியவில்லை, வாபஸ் என்றும் சொல்லவில்லை.

கிணற்றை இன்னும் இறைக்கவில்லை. மேலே மிதந்த எண்ணெயை மட்டும் சணல் சாக்கு இறக்கி ஒற்றி எடுத்தோம், ஆறு சாக்கு கருத்துப் போயிற்று. இறைக்கும் தண்ணீரை எங்கே விடுவது என்பதில்தான் நிற்கிறது. பெரியப்பா வயலில் வேண்டாம் என்கிறார், நியாயம்தான். லாரியில் ஏற்றிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எதுவாவது எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முந்தாநாள் ராத்திரி நல்ல மழை. தூக்கம் வரவில்லை, இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். முதல் அறை கலங்கிக் காப்பித் தண்ணீர் மாதிரி சுழல்கிறது. இரண்டாவதில் எண்ணெய் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது, முன்பு போல் இல்லை, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான். டீ வழியாக வருவது முழுக்கத் தெளிவு இல்லை, ஆனால் அதில் கலர் இல்லை. மூன்று மணிக்கு மேல் வேகம் பிடித்துவிட்டது, மாரி அண்ணா சொன்னது போலவே தொட்டி தாங்கவில்லை, ஒரு பக்கம் வழிந்தது. வழிந்தது தார்ப்பாய்க் குழிக்குள்தான் போயிற்று. குழி நிறைவதற்கு ஒரு சாண் இருக்கும்போது மழை விட்டது.

திரும்பிப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு டார்ச். பெரியப்பா கோணிச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிணற்று விளிம்பில் நிற்கிறார். அந்தப் பாறையில் வெளிச்சத்தை அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திருப்பி, "அந்த மூலைல வரப்பு கரையுது பாரு, காலைல மண்ணப் போடு" என்றார்.

போட்டாயிற்று. இப்போது கேட்க வந்தது இதுதான்: முதல் அறையிலிருந்து அள்ளிய சேறு மூன்று டிரம், ஒயர்ச் சாம்பல் ஒரு டிரம், கொட்டகைக்குள் மூடி வைத்திருக்கிறேன். நாமக்கல், ஈரோடு பக்கம் இவ்வளவு சின்ன அளவை எடுத்துக்கொள்ளும் அனுமதி பெற்ற இடம் ஏதாவது உண்டா? விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரு லோடுக்குக் குறைந்தால் வர மாட்டோம் என்கிறார்கள். என்னைப் போல இன்னும் நாலு கடைக்காரர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். சேர்த்து ஏற்றலாம் என்றால் அவர்களிடம் நான் பேசுகிறேன்.